சிங்கப்பூரில் இருந்துகொண்டு மலாக்காவில் சமையலறை கட்டுவது

மலாக்கா மாநிலத்தின் ஆயர் குரோ, டுரியான் துங்கல், பத்து பெரண்டாம், மெர்லிமாவ் முதலிய இடங்களில், ரப்பர் மரங்கள் நின்ற நிலங்களிலும் மலாய்க் கிராமங்களாகிய கம்பங்களின் ஓரங்களிலும் எழுந்திருக்கும் தாமான் என்னும் குடியிருப்புப் பேட்டைகளுக்குள் சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமைப் பகலில் நுழைந்து பார்ப்பவருக்கு, வாசல் நிலையில் காய்ந்த மாவிலைத் தோரணம் தொங்கும் வீடுகள் சிலவற்றில் வயதான தாய் ஒருத்தி மாத்திரம் இருப்பதும், வீட்டுப் பத்திரத்தில் பெயருள்ள மகனோ மகளோ ஏறக்குறைய 240 கிலோமீட்டருக்கு அப்பால் சிங்கப்பூரில் உத்தியோகம் பார்ப்பதும் தெரியவரும். அங்கே ஈட்டும் ஒரு வெள்ளி இங்கே மூன்று ரிங்கிட்டுக்கு மேல் பெறுமாகையால், கையில் சிறிது சேர்ந்தவுடன் பின்புறத்துச் சமையலறையை நீட்டிக் கட்டவும், முன்புறத்தில் கார் நிற்க ஒரு கூரை போடவும், தாயார் வழுக்கி விழாதபடி குளியலறைக்குச் சொரசொரப்பான ஓடு பதிக்கவும் ஆசை பிறக்கிறது. ஆசை நியாயமானதே, அதைத் தொலைவிலிருந்து நிறைவேற்றும் முறையில்தான் விபரீதங்கள் விளைகின்றன.

இதற்கு ஒரு சரித்திரக் காரணமும் உண்டு என்பது என் அபிப்பிராயம். 1896ஆம் ஆண்டு டான் சாய் யான் என்னும் சீன வணிகர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வியாபார ரீதியாகப் பயிரிட்ட காலந்தொட்டு, தோட்டத்துக்கு வந்த தமிழன் குடியிருந்த லயத்து வீடு அவனுடையதாக ஒருநாளும் இருந்ததில்லை. கம்பெனி கட்டியது, கம்பெனியே பழுது பார்த்தது, கூரை ஒழுகினால் தோட்டத்து எழுத்தரான கிராணியிடமோ மேஸ்திரியான மண்டோரிடமோ முறையிட்டுவிட்டுக் காத்திருப்பதே வழக்கமாயிற்று. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம்கூட, வீட்டைச் செப்பமாக வைத்திருக்கும் கடமையை முதலாளியின் தலையில்தான் வைத்தது. வேலை போனால் வீடும் போயிற்று. ஆகவே, கொத்தனாரைத் தேடிப் பிடித்துப் பேரம் பேசுவது, சுவரை அளந்து கணக்குப் பார்ப்பது, கலவையின் தரம் அறிவது ஆகிய குடும்ப ஞானம் மூன்று தலைமுறையாக வளர வழியே இல்லாமற்போனது. தோட்டத்தை விட்டு ஊருக்குள் வந்து வங்கிக் கடனில் வீடு வாங்கியவனின் மகன்தான் இன்று கட்டுமானக்காரரிடம் முதன்முறையாகப் பணம் கொடுக்கிறான். அதையும் எல்லைக்கு அப்பால் நின்று கொடுக்கிறான்.

கடல் கடந்து இருந்துகொண்டே ஊரில் வீடு கட்டுவது தமிழருக்குப் புதிதன்று. பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் காரைக்குடிச் சீமையில் எழுப்பிய மாளிகைகளுக்குப் பர்மாத் தேக்கு கப்பலில் வந்தது. அந்த வேலையைக் கவனிக்க ஊரில் பங்காளிகள் இருந்தார்கள், பேரேடு எழுதும் பழக்கம் இருந்தது, கணக்குக் கேட்கவும் சொல்லவும் கூச்சம் இல்லாதிருந்தது. தோட்டத்துப் பிள்ளைக்கு வாட்ஸ்அப் இருக்கிறது, பேரேடு இல்லை.

வேலை பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பமாகிறது. தாய்மாமன் ஒருவர், "நம்ம ஆள்தான், கோயில்ல பழக்கம், நல்லாச் செய்வாரு" என்று ஒரு கான்ட்ராக்டரை அறிமுகம் செய்கிறார். அவர் வந்து பார்க்கிறார், நடையால் அளக்கிறார், மொத்தமாக ஒரு தொகை சொல்கிறார். எத்தனை பருமனுள்ள கம்பி, எந்த ஓடு, பழைய சுவரை இடித்த குப்பையை யார் அள்ளுவது, மின்கம்பி இழுப்பது இதில் சேர்த்தியா என்ற கேள்விகள் எழவே எழுவதில்லை. எழுப்பினால் மாமன் மனம் கோணுமோ என்ற தயக்கம். முன்பணமாகப் பாதித் தொகை சிங்கப்பூரிலிருந்து அன்றிரவே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அந்தப் பாதித் தொகை எங்கே போகிறது என்பதை அறிந்துகொள்வது நலம். சிறிய கான்ட்ராக்டருக்கு ஒரே காலத்தில் ஜாசினில் ஒன்று, அலோர் காஜாவில் ஒன்று என்று நாலைந்து இடங்களில் வேலை நடக்கும். புதிய வீட்டின் முன்பணம் பழைய வீட்டின் சிமெந்துக் கடை பாக்கிக்கும், இந்தோனேசிய, வங்காளதேசக் கூலியாட்களின் வாரச் சம்பளத்துக்கும் ஓடிவிடுகிறது. அடுத்த வீட்டுக்காரரின் முன்பணம் வரும்வரை உங்கள் வீட்டில் ஆள் வரமாட்டார். அவரை மோசக்காரர் என்று சொல்லிவிட முடியாது. கடனுக்குக் கடன் சுழற்றிப் பிழைப்பு நடத்தும் மனிதர், சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் மாத்திரம் தொலைபேசியை எடுக்காத மனிதராக மாறுகிறார். எடுத்தாலும், "அடுத்த வாரம் முடிஞ்சிடும் அண்ணே" என்பார். சொல்லும்போது அவரும் அதை நம்பித்தான் சொல்கிறார். எனவே வேலை எவ்வளவு தூரம் முடிந்ததோ அந்த அளவுக்கு மாத்திரம் பணம் போக வேண்டும் என்பதே தொலைவில் இருப்பவருக்கு உள்ள முதல் காப்பு. அஸ்திவாரம் முடிந்தால் ஒரு பகுதி, கூரை ஏறினால் ஒரு பகுதி, பூச்சும் ஓடும் முடிந்தால் ஒரு பகுதி, கடைசியில் ஒரு சிறு பகுதியைச் சில மாதம் நிறுத்திவைத்து ஒரு மழைக்காலம் கழிந்த பின் கொடுப்பது என்று தாளில் எழுதிக்கொள்வதற்குக் கூச்சப்படக் காரணமே இல்லை.

அடுத்தது அனுமதி விஷயம். மலாக்காவில் நான்கு ஊராட்சி அமைப்புகள் உள்ளன: மலாக்கா வரலாற்று மாநகர் மன்றம், ஹங் துவா ஜெயா, அலோர் காஜா, ஜாசின் நகராண்மைக் கழகங்கள். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி இவற்றின் எழுத்துபூர்வமான சம்மதம் இன்றி வீட்டை விஸ்தரிக்கக் கூடாது. வரைபடத்தைப் பதிவு பெற்ற கட்டடக் கலைஞரோ, பதிவு பெற்ற வரைவாளரோ, பொறியாளரோ சமர்ப்பிக்க வேண்டும். "இந்தத் தாமான்ல எல்லாரும் அப்படித்தான் கட்டியிருக்காங்க" என்ற பேச்சு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரருடன் மனஸ்தாபம் ஏற்பட்டு அவர் புகார் கொடுத்தாலும், வீட்டை விற்கப் போகும்போது வாங்குபவர் வரைபடம் கேட்டாலும், அன்றைக்குத்தான் இந்தக் காகிதத்தின் அருமை தெரியும். இடிக்கச் சொல்லி வரும் ஓலை கான்ட்ராக்டரின் பெயருக்கு வராது, வீட்டுக்காரர் பெயருக்கே வரும். புது வீடாக இருந்தால் இன்னொரு ஜாக்கிரதையும் வேண்டும்: சாவி பெற்ற நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் தோன்றும் குறைகளை வீடமைப்பு நிறுவனம் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்பது ஒப்பந்த விதி, அதற்குள் சுவரை இடித்து நீட்டிவிட்டால், பின்னால் வரும் வெடிப்பு யாருடையது என்ற வாதம் கிளம்பிவிடும்.

வெடிப்பு என்றேன், அதைக் கொஞ்சம் கிட்டச் சென்று பார்ப்போம். வரிசை வீடுகளின் பின்புறத்தில் நீட்டிக் கட்டிய சமையலறைக்குள் போய், பழைய வீட்டின் சுவரும் புதிய சுவரும் சந்திக்கும் மூலையை அண்ணாந்து பார்த்தால், பல வீடுகளில் மேலே விரல் நுழையும் அகலத்திலும் கீழே வரவர மயிரிழையாகவும் ஒரு கோடு ஓடுவதைக் காணலாம். பட்டி வைத்து அடைத்துச் சாயம் பூசியிருப்பார்கள். மழை பிடித்ததும் அதே இடத்தில் அதே கோடு மறுபடி தோன்றும். பூச்சுக்காரர்மேல் குற்றமில்லை, மண்ணுக்குள் நடப்பதன் விளைவு அது. பிரதான வீடு பொறியாளர் கணக்கிட்ட அஸ்திவாரத்தில் நிற்கிறது. நீட்டிய பகுதியோ இரண்டடி தோண்டி ஊற்றிய கான்கிரீட்டின்மேல் நிற்கிறது. மலாக்காவின் கரையோரப் பகுதிகளில் கீழே இருப்பது மெத்தென்ற கடற்களிமண். பாரம் ஏற ஏற அது ஆண்டுக்கணக்கில் மெல்ல அமுங்கும். பழைய வீடு அசையாதிருக்க, புதிய அறை வெளிப்பக்கமாகச் சாய்வதால் வாய் மேலே பிளக்கிறது. புதிய பகுதிக்கும் மண்ணுக்கேற்ப முளைக்கழி இறக்க வேண்டும், அல்லது இரண்டையும் கம்பியால் பிணைக்காமல் நடுவில் ஓர் இடைவெளி விட்டு, அசைவுக்கு ஈடுகொடுக்கும் பசையால் அடைக்க வேண்டும். இவற்றுள் எதைச் செய்தார்கள் என்பதைக் குழி மூடப்பட்ட பிறகு பிரம்மதேவனாலும் கண்டுபிடிக்க முடியாது.

ஆதலால் தொலைவில் இருப்பவர் கேட்க வேண்டிய புகைப்படம் முடிந்த சுவரின் படம் அன்று. பெரும்பாலோருக்கு மாலையில் வந்து சேர்வது அதுதான்: வெளுப்பான சுவர், ஓரத்தில் சிரிக்கும் தொழிலாளி, கீழே கட்டைவிரல் குறி. வேண்டியது, குழிக்குள் அளவு நாடாவை நிறுத்தி எடுத்த படம். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் கம்பிகளின் படம். குளியலறைத் தரையில் நீர்த்தடுப்புப் பூசிய பின், ஓடு பதிக்குமுன், வடிகாலை அடைத்து ஒருநாள் முழுதும் தண்ணீர் தேக்கி, கீழ்த்தளத்தின் உட்கூரை நனையாதிருக்கிறது என்று காட்டும் படம். இந்த மூன்று நிலைகளில் பணத்தைக் கட்டிப்போட்டுவிட்டால், படம் தானாக வரும்.

படத்தை யார் எடுப்பது? இங்கேதான் நம் குடும்பங்கள் வழுக்குகின்றன. தாயாரைக் காவலுக்கு வைப்பது அவருக்குச் செய்யும் கொடுமை. அவர் தேத்தண்ணி கலந்து கொடுத்து, "வெயில்ல பாவம், பிள்ளைங்க" என்று கூலியாட்களிடம் இரங்குவாரேயன்றி, கலவையில் மணல் மிஞ்சிவிட்டது என்று அதட்டமாட்டார். அதட்டினாலும் மலாய் கலந்த அவர்களுடைய பேச்சில் பதில் வேறாக வரும். மாமனோ கான்ட்ராக்டரை அழைத்து வந்தவர். குறை சொன்னால் தம்மையே குறை சொல்லிக்கொண்டது போலாகும். கான்ட்ராக்டரோடு சம்பந்தமில்லாத ஒருவரை, அந்த வரைபடம் போட்ட வரைவாளரையோ ஓய்வு பெற்ற ஒரு கட்டட மேற்பார்வையாளரையோ, வருகைக்கு இவ்வளவு என்று கூலி பேசி, சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்க்கச் சொல்வதே உத்தமம். அந்தச் செலவை வீண் என்று கருதுபவர், சிங்கப்பூரிலிருந்து ஒரு வார இறுதிக்கு வந்து போக ஆகும் பஸ் கட்டணத்தையும், ஞாயிற்றுக்கிழமை சோதனைச் சாவடி நெரிசலில் கழியும் நேரத்தையும் கூட்டிப் பார்க்கட்டும்.

காலத்தைப் பற்றியும் ஒன்று சொல்லத்தான் வேண்டும். தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் தீபாவளிக்குள் வேலை முடிய வேண்டும் என்கின்றன. அதே பருவத்தில்தான் மலாக்காவில் பிற்பகல் மழை வலுக்கிறது, சாயம் காய்வதில்லை. ஹரிராயாவுக்கு இந்தோனேசிய ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். சீனப் புத்தாண்டில் ஓட்டுக் கடையின் சீன முதலாளியான தவுக்கே கடையைச் சாத்திவிடுவார். பண்டிகையைத் தவணையாக வைத்தவருக்குக் கிடைப்பது அவசர வேலையே.

இவ்வளவுக்கும் பின் தகராறு வந்துவிட்டால், போலீஸ் நிலையத்துக்கு ஓடுவதைவிட பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடுவது பலன் தரும். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த அந்த மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையில் கோரலாம்; மனுக் கட்டணம் 5 ரிங்கிட்; வழக்கறிஞர் தேவையில்லை, அனுமதியும் இல்லை; உரிமை எழுந்த மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும். ஆனால் மனுவில் எதிராளியின் முழுப் பெயரும் விலாசமும் கேட்பார்கள். அப்போதுதான், இத்தனை மாதமாகப் பணம் அனுப்பிய மனிதரைத் தொலைபேசியில் 'கான்ட்ராக்டர் அண்ணே' என்று மாத்திரம் குறித்து வைத்திருப்பது பலருக்கு உறைக்கிறது. முதல் வெள்ளி கைமாறுமுன்னரே அவருடைய நிறுவனப் பதிவு எண்ணையும், கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சி.ஐ.டி.பி.யில் அவர் பெற்றிருக்கும் பதிவையும் கேட்டு வாங்கி, வாரியத்தின் இணையப் பதிவேட்டில் சரிபார்த்துக்கொள்ளலாம். ஜி1 என்னும் கடைநிலை முதல் ஜி7 வரை அங்கே தரம் பிரித்திருக்கிறார்கள், வீட்டுச் சமையலறைக்கு ஜி1 தாராளம். ரசீதில் உள்ள பெயரும் பணம் போகும் வங்கிக் கணக்கின் பெயரும் அந்தப் பதிவில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். மைத்துனர் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அனுப்பக் கூடாது. விசாரணை நாளில் மனுதாரர் நேரில் வந்து நிற்க வேண்டுமாதலால், சிங்கப்பூர் முதலாளியிடம் அதற்கென ஒருநாள் விடுப்பும் சொல்லி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.