குடலுக்கு நரம்பு வந்த வழி

நாம் உண்ட சோற்றை முன்னோக்கித் தள்ளக் குடல் மூளையின் ஆணைக்குக் காத்திருப்பதில்லை. குடற்சுவருக்குள்ளேயே கோடிக்கணக்கான நரம்பணுக்கள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன; பெரும்பாலான வேலையை அவையே பார்த்துக்கொள்கின்றன. விடுதிச் சாப்பாட்டை மூன்று வேளையும் உண்ணும் நாம் அவற்றுக்குப் பெரிதும் கடமைப்பட்டவர்கள்! ஆனால் இந்த நரம்பணுக்கள் குடலில் தோன்றியவை அல்ல. நம்மைப்போல அவையும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவையே.

அந்தப் பயணத்தைக் கண்ணாரக் காண வரிக்குதிரை மீனை நாடவேண்டும். கங்கைச் சமவெளியின் ஓடைகளிலும் வயல் நீரிலும் திரியும் சின்னஞ்சிறு மீன் இது. 1822-இல் பிரான்சிஸ் ஹாமில்டன் தமது கங்கை மீன்கள் பற்றிய நூலில் இதை விவரித்தார். அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் 1981-இல் வெளியிட்ட ஆய்வுக்குப்பின் உலகெங்கும் ஆராய்ச்சிக்கூடங்களில் இடம்பெற்றது. இதன் கரு தாயின் உடலுக்கு வெளியே வளர்கிறது; கண்ணாடிபோலத் தெளிவாகவும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

கருவின் முதுகுப்புறத்தில் மூளையும் தண்டுவடமும் உருவாகும்போது அவற்றின் ஓரத்திலிருந்து ஓர் அணுக்கூட்டம் பிரிகிறது. இதனை நரம்பு முகடு என்பர். பின்மூளையை அடுத்த முகட்டிலிருந்து கிளம்பும் சில அணுக்கள், கருவுற்ற ஒன்றரை நாள் அளவில் குடலின் முன்பகுதியை அடைகின்றன. பின்னர் இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக இரண்டு சாரைகளாய், எறும்புகள்போலக் குடல்வழியே இறங்குகின்றன. போகிற போக்கிலேயே பெருகுகின்றன. பெருகாவிட்டால் கடைசிவரை போய்ச்சேர ஆள் போதாது. மூன்றாம் நாளில் குடலின் கோடியை எட்டிவிடுகின்றன. நான்காம் நாளில் குடல் அலையலையாய் அசைகிறது. கருவுணவு தீர்ந்து மீன்குஞ்சு இரைதேடத் தொடங்கும் வேளைக்குக் குடல் ஆயத்தமாக இருக்கிறது.

வழிகாட்டுவது யார்? குடல் சுரக்கும் ஜி.டி.என்.எஃப். என்ற புரதம். அதனை அறிந்துகொள்ளும் ஏற்பி, பயணம் செய்யும் அணுக்களின்மேல் உள்ள 'ரெட்'. அப்புரதம் உண்டாகாமல் தடுத்தால் மீனின் குடலில் நரம்பணுவே இராது. இன்னொரு விந்தை: சாக்ஸ்10 என்ற மரபணு கெட்ட மீனுக்கு உடலில் நிறமும் இல்லை, குடலில் நரம்பும் இல்லை. நிறம் தரும் அணுக்களும் அதே முகட்டிலிருந்து புறப்படுபவை அல்லவா?

மனிதக் கருவிலும் இதே பயணந்தான். நான்காம் வாரத்தில் தொடங்கி ஏழாம் வாரத்தில் முடிகிறது. சில குழந்தைகளில் அணுக்கள் பாதிவழியில் நின்றுவிடுகின்றன. ஏறத்தாழ 5,000 பிறப்புகளில் ஒன்றுக்கு இந்நிலை. கடைக்குடல் நரம்பின்றி இறுகிக் கிடக்கும். குழந்தைக்கு மலம் இறங்காது, வயிறு வீங்கும். பலரிடம் பழுதாகி இருப்பது அதே ரெட் மரபணு. கோபன்ஹேகன் மருத்துவர் ஹிர்ஷ்ஸ்ப்ருங் 1886-இல் இந்நோயை விவரித்தார். நெடுநாள்வரை மருத்துவர்கள் வீங்கிய குடலையே நோயுற்ற பகுதி என எண்ணினர். உண்மையில் அது நல்ல குடல். அதற்குக் கீழே ஒடுங்கிக் கிடந்ததே நரம்பற்ற பகுதி. அதை வெட்டி நீக்கி, நல்ல குடலைக் கீழே இணைக்கும் அறுவையை 1948-இல் ஸ்வென்சன் வெளியிட்டார். இன்றும் அறுவையே சிகிச்சை. வெட்டாமல், வெற்றுப் பகுதியில் புதிய நரம்பணுக்களைக் குடியேற்றும் முயற்சி எலிகளில் நடந்துவருகிறது.