80 கி.மீ. வேகத்தில் பிரேக் அடித்தால் கார் எங்கே போய் நிற்கும்? - புது ஓட்டுநர்களுக்கு நெடுஞ்சாலைப் பாடம்

லைசென்ஸ் கைக்கு வந்து இரண்டு மாதம். வீட்டுக்கும் ஆபீஸுக்கும் கார் ஓட்டிப் பழகியாச்சு. அடுத்த லாங் வீக்கெண்டுக்கு சென்னையிலிருந்து ஊருக்குக் காரிலேயே கிளம்புகிறார்கள் பலர். தாம்பரம் வரை நெரிசல், 30-ஐத் தாண்ட முடியாது. செங்கல்பட்டைக் கடந்ததும் ஸ்பீடாமீட்டர் முள் தானாக 80-க்கு ஏறிவிடுகிறது. முன்னால் போகும் வண்டிக்கு விடும் இடைவெளி மட்டும் சிட்டியில் விட்ட அதே அளவுதான். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

80 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடும். ஆபத்தைக் கண் பார்த்து, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி என்று வைத்துக்கொண்டால், பிரேக் பிடிப்பதற்கு முன்பே 33 மீட்டர் போய்விடும். அதன்பிறகு காய்ந்த சாலை, நல்ல டயர் என்றாலும் நிற்க இன்னும் சுமார் 36 மீட்டர் வேண்டும். மொத்தம் கிட்டத்தட்ட 70 மீட்டர். வரிசையாக நிறுத்திய ஆறு பஸ் நீளம்! இதே கார் 40-ல் போனால் 26 மீட்டரில் நின்றுவிடும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் நான்கு மடங்காகிறது. மழை பெய்தால் இன்னும் கூடும்.

"அதான் ஏபிஎஸ் இருக்கே?" என்று கேட்கலாம். அவசரமாக பிரேக் அடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல், ஸ்டியரிங் உங்கள் பேச்சைக் கேட்க உதவுவதுதான் ஏபிஎஸ்ஸின் முக்கிய வேலை. காரை நினைத்த இடத்தில் நிறுத்தும் மந்திரம் அதில் இல்லை.

மூன்று நொடி கணக்கு

ஓடும் காரிலிருந்து மீட்டர் கணக்கு பார்க்க யாராலும் முடியாது. நொடியை எண்ணலாம். முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தையோ போர்டையோ தாண்டும்போது "ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு, ஆயிரத்து மூணு" என்று மனதுக்குள் எண்ணுங்கள். முடிப்பதற்குள் நீங்களும் அதைத் தாண்டிவிட்டால், ரொம்ப ஒட்டிப் போகிறீர்கள் என்று அர்த்தம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். மழையில் ஐந்து வரை எண்ணுவது நல்லது.

இடைவெளி விட்டால் இன்னொருத்தர் உள்ளே நுழைஞ்சிடுவாரே? நுழைவார்தான், நம்ம ஊரில் அது நடக்கும். மறுபடியும் பின்வாங்கி இடைவெளி விட வேண்டியதுதான். ஒருவருக்கு மூன்று நொடி என்றால் பத்துப் பேர் நுழைந்தாலும் தாமதம் அரை நிமிடம். டீக்கடையில் சில்லறைக்குக் காத்திருக்கும் நேரம்கூட இல்லை.

லாரி டிரைவர் போடும் வலது இண்டிகேட்டரிலும் கவனம் தேவை. சிலர் "முந்தாதே" என்று சொல்லப் போடுவார்கள், சிலர் நிஜமாகவே வலது பக்கம் திரும்பப் போவார்கள். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்: பின்னாலேயே இருங்கள். ஹெட்லைட் அடிப்பதும் அப்படித்தான். எதிரே வருபவர் லைட் அடித்தால் "நீங்க போங்க" என்று வழிவிடுகிறார் என எண்ண வேண்டாம். பெரும்பாலும் அது "நான் வர்றேன், நில்லு".

இரவில் கணக்கு மாறும்

லோ பீமில் தெளிவாகத் தெரிவது ஏறக்குறைய 50 மீட்டர். 80-ல் நிற்க 70 மீட்டர் வேண்டும். அதாவது, பின் விளக்கு எரியாமல் ஓரமாக நிற்கும் லாரி கண்ணில் படும்போதே நேரம் கடந்திருக்கும். 60-க்குக் குறைத்தால் 45 மீட்டரில் நிறுத்திவிடலாம். எதிரே வண்டி இல்லாதபோது ஹை பீம் போடலாம், வந்தால் உடனே இறக்கிவிட வேண்டும்.

கார் வழியில் மக்கர் செய்தால் முடிந்தவரை இடது ஓரம் ஒதுக்கி, ஹசார்ட் லைட் போட்டு, எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி வையுங்கள். எல்லோரும் இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐ அழைக்கலாம். காருக்குள்ளேயே உட்கார்ந்து போன் பேச வேண்டாம். பின்னால் வருபவர் மூன்று நொடி எண்ணுகிறாரா என்பது உங்களுக்குத் தெரியாது.