பழனிக்கு நடந்த கால் வலிக்கிறதா?

தைப்பூசம் முடிந்து பத்துப் பதினைந்து நாள் ஆனபின் காரைக்குடிப் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் இரண்டு விஷயம் நிச்சயம். ஒன்று, டப்பா நிறையப் பழனிப் பஞ்சாமிர்தம். இன்னொன்று, "காலையிலே எழுந்து குதிகாலை ஊனவே முடியலை" என்ற முனகல்.

செட்டிநாட்டில் பழனி நடைப்பயணம் நேற்று இன்று வந்த வழக்கமல்ல. நகரத்தார் காவடிகள் நானூறு வருஷமாகப் போய்க்கொண்டிருப்பதாகச் சொல்கிறார்கள். ஊர் ஊராகப் புறப்பட்டு, குன்றக்குடியில் ஒன்று சேர்ந்து, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனி. நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் வரும். சுமார் ஒரு வாரம் நடக்க வேண்டும். அதுவும் பலர் வெறுங்காலோடு. வருஷம் முழுவதும் அடுப்படியிலும் முகப்பிலும் மட்டுமே நடந்து பழகிய கால், திடீரென்று ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தார் ரோட்டை மிதிக்கிறது. போகும்போது முருகன் தாங்கிக்கொள்கிறான். திரும்பி வந்த பிறகுதான் கால் பேச ஆரம்பிக்கிறது.

நான் பேசிய ஓர் ஆச்சிக்கு வயது ஐம்பத்தெட்டு. மகனுக்குக் குழந்தை பிறந்தால் மூன்று வருஷம் நடந்து வருவதாக வேண்டுதல். இரண்டு வருஷம் நடந்தாகிவிட்டது. பேரன் தவழ்கிறான், மூன்றாவது நடை பாக்கி. ஆனால் எட்டு மாசமாகக் காலை ஊன முடியவில்லை. "எக்ஸ்ரே எடுத்தாக. குதிகால் எலும்பு முள்ளு மாதிரி வளந்திருக்காம். ஷாக் வச்சு உடைக்கலாம்னு சொல்றாக. ஷாக்குன்னா கரண்டுதானே? எனக்குப் பயமா இருக்கு" என்றார். அவருக்கு மட்டுமில்லை, இந்தச் சந்தேகம் நிறையப் பேருக்கு இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

வலி எங்கேயிருந்து வருகிறது?

நம் உள்ளங்காலில், குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை கெட்டியான ஒரு நார்ப்பட்டை ஓடுகிறது. வில்லுக்கு நாண் எப்படியோ, பாதத்தின் வளைவுக்கு இந்தப் பட்டை அப்படி. அளவுக்கு மீறி இழுபடும்போது, அது குதிகாலில் ஒட்டியிருக்கும் இடம் நைந்து போகிறது. இரவு முழுவதும் கால் சும்மா கிடக்கையில் பட்டை சுருங்கிக்கொள்கிறது. விடிந்ததும் முதல் அடி வைக்கிறோம், சுருங்கியது வெடுக்கென்று இழுபடுகிறது. ஊசி குத்துவது போல வலிப்பது அதனால்தான். பத்தடி நடந்தால் குறைந்துவிடும். சென்னையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்தே வந்து, பஸ் ஸ்டாண்டில் காலை இறக்கும்போது சுரீர் என்பதும் இதே கதைதான்.

எக்ஸ்ரேயில் தெரியும் அந்த 'முள்' பற்றி ஒரு வார்த்தை. வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் அது உண்டு. ஆகவே முள்ளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வலிக்குக் காரணம் பெரும்பாலும் பட்டைதான்.

இன்னொரு ஆறுதலான செய்தி: பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல், கத்தி இல்லாமல், ஒரு வருஷத்துக்குள் இது சரியாகிவிடுகிறது. மீதிப் பேருக்குத்தான் ஷாக்வேவ் என்கிற பேச்சே வருகிறது.

கரண்டு இல்லை, அலை

ஷாக்வேவ் என்றால் மின்சார ஷாக் அல்ல. அது ஒரு அழுத்த அலை. அதிர்வு என்று வைத்துக்கொள்ளுங்களேன். இது பிறந்த கதை சுவாரசியமானது. ஜெர்மனியில் டார்னியர் என்ற விமானக் கம்பெனியின் என்ஜினியர்கள், வேகமாகப் பறக்கும் விமானத்தில் மழைத்துளி மோதினால் என்ன சேதம் ஆகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அதில் கண்ட அதிர்வலையை மருத்துவத்துக்குத் திருப்பினார்கள். 1980 பிப்ரவரியில் மூனிச் நகரில் முதன்முதலாக ஒரு நோயாளியின் சிறுநீரகக் கல்லை, உடம்பைக் கிழிக்காமலே, இந்த அலையால் பொடியாக்கினார்கள். பிறகு எலும்பு, தசைநார்களுக்கும் பயன்படுத்திப் பார்த்தார்கள். குதிகால் வலிக்கு இந்த மெஷினை அமெரிக்க அரசு 2000-இல் அனுமதித்தது.

கல்லை உடைத்த அலை என்பதால், குதிகால் முள்ளையும் உடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அதுதான் இல்லை! முள் இருந்த இடத்திலேயே இருக்கும். நாள்பட்டு, ஆறவும் ஆறாமல் மறக்கவும் விடாமல் கிடக்கும் நாரைத் தட்டியெழுப்பி, புது ரத்த ஓட்டம் வரச்செய்து, வலி நரம்பைக் கொஞ்சம் மந்தமாக்குவதே இதன் வேலை என்கிறார்கள். சிகிச்சைக்குக் கொடுக்கும் அலை, கல் உடைப்பதைவிடச் சாது.

இதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, அலையை ஆழத்தில் ஒரு புள்ளியில் குவிப்பது. மற்றது நம் ஊர் பிசியோதெரபி கிளினிக்குகளில் அதிகம் பார்ப்பது. காற்றழுத்தத்தால் உள்ளே ஒரு சின்ன உருளை பாய்ந்து முனையில் மோதும், காரம் போர்டு ஸ்டிரைக்கர் மாதிரி. அந்த மோதல் தோல் வழியாக உள்ளே பரவுகிறது.

காலில் ஜெல் தடவி, கைப்பிடியை வைத்து 'டக் டக் டக்' என்று ஒரு தடவைக்கு ஏறக்குறைய 2000 தட்டு. பத்து நிமிஷ வேலை. வாரம் ஒரு தடவையாக மூன்று முதல் ஐந்து தடவை. மயக்க மருந்து வேண்டாம், அட்மிஷன் வேண்டாம், நடந்தே வீடு திரும்பலாம். வலிக்குமா? வலிக்கும். தாங்கக்கூடிய வலி, சொன்னால் வேகத்தைக் குறைப்பார்கள். இரண்டு நாள் சிவந்தோ கன்றியோ இருக்கலாம். முக்கியமான விஷயம், அன்றைக்கே குணம் தெரியாது. ஆறு வாரம், பன்னிரண்டு வாரம் பொறுக்க வேண்டும். 'மூணு தடவை போனேன், ஒண்ணும் ஆகலை' என்று அடுத்த டாக்டரிடம் ஓடுகிறவர்கள்தான் அதிகம்.

நிச்சயமாகக் குணமாகுமா?

நிச்சயம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். 2002-இல் ஆஸ்திரேலியாவில் நூற்று அறுபதுக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தபோது, உண்மை சிகிச்சைக்கும் சும்மா மெஷினை வைத்த போலி சிகிச்சைக்கும் வித்தியாசமே தெரியவில்லை. 2015-இல் வெளியான இன்னொரு ஆராய்ச்சியில், நாள்பட்ட வலியுள்ள 250 பேரில், உண்மை சிகிச்சை பெற்றவர்களுக்கு வலி சுமார் எழுபது சதவீதம் குறைந்தது; போலி சிகிச்சை பெற்றவர்களுக்குச் சுமார் முப்பத்தைந்து. மெஷின், அலையின் அளவு, ஆளைத் தேர்ந்தெடுக்கும் விதம் எல்லாம் சேர்ந்துதான் பலன். என் அபிப்பிராயம் இது: ஆறு மாசம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் தீராதவர்கள், ஆபரேஷனுக்கு முன் முயன்று பார்க்கத் தகுந்தது. வலி வந்த மூன்றாம் வாரமே பணத்தைக் கட்டத் தேவையில்லை.

கர்ப்பிணிகளுக்கு இது கூடவே கூடாது. ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அந்த இடத்தில் புண், சீழ், கட்டி உள்ளவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சமீபத்தில் குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தாலும் சொல்லுங்கள். (அந்த ஊசி வலியைச் சட்டென்று குறைக்கும். அடிக்கடி போட்டால் பட்டை அறுந்துபோகக்கூடும்.) எத்தனை தடவை, மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

அதற்கு முன் வீட்டில்

காசில்லாத வைத்தியம் ஒன்று இருக்கிறது. காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன், வலிக்கிற காலை மற்ற தொடையின்மேல் போட்டு, விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக இழுங்கள். உள்ளங்காலில் பட்டை நாண் போல விறைப்பது தெரியும். பத்து எண்ணி விடுங்கள். இப்படிப் பத்துத் தடவை. ஒரு நாளில் மூன்று வேளை. பஸ்ஸை விட்டு இறங்குமுன்கூட இதைச் செய்யலாம்.

கொஞ்சம் வலி குறைந்ததும் முகப்புப் படியில் நின்று, விரல்களுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு, குதிகாலை மெதுவாகத் தூக்கி, நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். தூணைப் பிடித்துக்கொள்ளுங்கள்!

அப்புறம் நம் வீட்டுத் தரை. ஆத்தங்குடிக் கல் கண்ணுக்குக் குளுமை. நைந்த குதிகாலுக்குப் பகை. "வீட்டுக்குள்ளே செருப்பா?" என்று மாமியார் முகம் சுளித்தால், வெளியில் போகாத புதுச் செருப்பு ஒரு ஜோடி, மெத்தென்று, அடுப்படிக்கு மட்டும் என்று பக்குவமாகச் சொல்லுங்கள். சாமி அறை வாசலில் கழற்றிவிடலாமே.

செங்கல்லைச் சுட்டு, எருக்கிலை போட்டுக் குதிகாலால் மிதிப்பது நம் பக்கத்துக் கை வைத்தியம். சூடு இதமாக இருப்பது உண்மைதான். ஆனால் சர்க்கரை வியாதிக்காரர்கள் இதைத் தொடவே கூடாது. அவர்களுக்கு உணர்ச்சி மரத்திருக்கலாம். சுடுவது தெரியாமலே வெந்து புண்ணாகிவிடும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னும் ஜாக்கிரதை.

சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்கால் நடையையும் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. நடக்கும் நாட்களில் தினமும் ராத்திரி கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். கொப்புளமோ வெடிப்போ தெரிந்தால் அன்றோடு நிறுத்த வேண்டியதுதான். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

எல்லாக் கால் வலியும் இந்தப் பட்டை வலி அல்ல. குதிகாலுக்குப் பின்னால் 'பட்' என்று அறுந்த மாதிரி வலித்து, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் வலி, காய்ச்சல், மரத்துப்போதல், இளம் வயதில் இரண்டு குதிகாலும் இடுப்பும் காலையில் அரை மணிக்கு மேல் விறைத்துக் கிடப்பது, இவற்றையும் தள்ளிப் போடாதீர்கள்.

இளம் தாய்மார்களுக்கு ஒன்று. குழந்தையைத் தூக்கித் தூக்கிக் கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலிக்கிறதா? அதுவும் தசைநார்க் கோளாறுதான். ஆனால் அதற்கு முதல் மருந்து மெஷின் இல்லை, விரலுக்குப் பட்டை போட்டு ஓய்வு கொடுப்பதும், குழந்தையைக் கக்கத்தில் விரல் கொடுத்துத் தூக்காமல் அடியில் உள்ளங்கை கொடுத்து வாரி எடுப்பதும்தான்.

அந்த ஆச்சி இன்னும் மெஷினுக்குப் போகவில்லை. முதலில் விரலை இழுக்கும் பயிற்சியை மூன்று மாசம் செய்யச் சொல்லியிருக்கிறார் பிசியோதெரபிஸ்ட். வலி பாதி குறைந்தால், கார்த்திகையில் விடியற்காலம் தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டரில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் கூட்டி, மார்கழிக் கடைசிக்குள் ஒரே நாளில் பத்து நடக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டுமாம். முடியாவிட்டால்? "அடுத்த தைக்குத் தள்ளிக்கிடலாம்னு பூசாரிகிட்டயே கேட்டுட்டேன். கணக்கு அப்படியே நிக்குமாம்" என்றார் சிரித்துக்கொண்டே.