படகு திரும்பாத இரவு



சொன்ன நேரத்தில் படகு கரை திரும்பாவிட்டால் நம் வீடுகளில் அடுப்பு எரியாது. கையில் செபமாலை இருக்கும். கண் கடலில் இருக்கும். "எனக்கு விசுவாசம் போதவில்லையோ சாமி?" என்று தாய்மார் நம்மிடம் கேட்பதுண்டு.

நமக்குத் தெற்கே இருக்கும் மணப்பாட்டை நினைத்துப் பாருங்கள். 1544 ஜூனில் வடுகர் படைக்கு அஞ்சி ஓடிய கிறிஸ்தவர்கள், கன்னியாகுமரிக் கடற்பாறைகளில் பசியும் தாகமுமாய் ஒடுங்கிக் கிடந்தார்கள். புனித சவேரியார் 20 தோணிகளில் உணவு ஏற்றி மணப்பாட்டிலிருந்து புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை. துடுப்பு வலித்தும் போய்ச்சேர முடியவில்லை. (புனிதர் என்பதற்காகக் காற்று வழிவிடவில்லை!) திரும்பி வந்தவர், பிறகு தரைவழியே போய் அவர்களைச் சந்தித்தார். பசியால் துவண்டவர்களையும் இறந்துபோனவர்களையும் கண்ட வேதனையை உடன்பணியாளர் மான்சிலாசுக்கு எழுதினார்.

மாற்கு நற்செய்தி 4ஆம் அதிகாரத்தில், படகின் பின்பக்கம் உறங்கிய ஆண்டவரைச் சீடர்கள் எழுப்பியது அழகான செபத்தால் அல்ல. தங்கள்மேல் அக்கறையில்லையா என்று குறைப்பட்டுத்தான். அவர்களுடைய அச்சத்தை ஆண்டவர் கண்டித்தார், உண்மைதான். ஆனால் முதலில் காற்றை அடக்கினார். கண்டித்தது அதன் பிறகே.

ஆகவே அந்தத் தாயிடம் "தைரியமாய் இரும்மா" என்று சொல்லிவிட்டு நாம் எழுந்து வந்துவிடுவதில்லை. படகு வரும்வரை கூடவே உட்கார்ந்திருக்கிறோம்.