கோத்தா ராஜாவும் நூறு கையெழுத்தும்

கிள்ளானை ஒட்டியுள்ள கோத்தா ராஜா நாடாளுமன்றத் தொகுதி 2003ஆம் ஆண்டு எல்லை மறுசீரமைப்பில் உருவானது. 2004இல் நடந்த அதன் முதல் தேர்தலில் ம.இ.கா.வின் எஸ்.விக்னேஸ்வரன் வென்றார். 2008இல் பாஸ் கட்சியின் டாக்டர் சித்தி மரியா மாமுட் அதைக் கைப்பற்றினார். நாட்டிலேயே இந்திய வாக்காளர் விகிதம் மிக அதிகமுள்ள தொகுதி என்று பெயர் பெற்றது இது. அங்கேயும் நாம் பெரும்பான்மை இல்லை. இந்தியர் பெரும்பான்மையாக உள்ள தொகுதி மலேசியாவில் ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் ஒரே தொகுதியில் கணிசமாகத் திரண்டிருக்கும் மக்களின் வாசலுக்கு எல்லாக் கட்சிகளும் வந்தாக வேண்டும். அதே மக்களை மூன்று தொகுதிகளில் சிதறவிட்டால் எந்தக் கட்சிக்கும் அவர்களைப் பற்றிக் கவலையில்லை. ஆகவே நம் ஓட்டின் கனம் எல்லைக்கோடு விழும்போதே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. வாக்களிப்பு நாளுக்குக் காட்டும் அக்கறையை நாம் அந்தக் கோட்டுக்குக் காட்டுவதில்லை என்பதே என் ஆதங்கம்.

கனம் எவ்வளவு மாறும் என்பதற்குச் சிலாங்கூரே சாட்சி. 2022 பொதுத்தேர்தலில் பாங்கியில் 3 லட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளர்கள் இருந்தார்கள்; அதே மாநிலத்தின் சபாக் பெர்ணமில் ஏறத்தாழ 52,000 பேர்தான். இரண்டுக்கும் தலா ஓர் உறுப்பினர். 18 வயது வாக்குரிமையும் தானியங்கிப் பதிவும் 2021 டிசம்பரில் நடப்புக்கு வந்ததும் கோத்தா ராஜாவின் பட்டியலும் 2 லட்சத்து 40 ஆயிரத்தைத் தாண்டியது. உட்புறத் தொகுதிகள் பரப்பில் பெரியவை, அவற்றுக்குச் சலுகை வேண்டும் என்பார்கள். நியாயம்தான், அரசியலமைப்பின் 13ஆம் அட்டவணையே அதை ஏற்கிறது. ஆனால் 1957இல் அந்த வேறுபாட்டுக்கு 15 விழுக்காடு என்ற வரம்பு இருந்தது. பின்னாளில் அது தளர்ந்து, 1973 திருத்தத்தோடு வரம்பே இல்லாமல் போயிற்று. ஏறக்குறைய ஆறு மடங்கு வேறுபாட்டைச் சலுகை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தீபகற்பத்தின் கடைசி மறுசீரமைப்பை மக்களவை 2018 மார்ச் 28ஆம் தேதி ஏற்றது. மே 9ஆம் தேதி தேர்தலே நடந்துவிட்டது. ஓர் ஆய்வுக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது எட்டு ஆண்டுகள் இருக்க வேண்டும் என்பது விதி. அப்படிப் பார்த்தால் 2026 மார்ச் முடிந்தபின் அடுத்த ஆய்வைத் தொடங்கத் தடையில்லை. தேர்தல் ஆணையம் தன் பரிந்துரையை அறிவித்ததும் ஆட்சேபிக்க ஒரே மாதம்தான் கிடைக்கும். சம்பந்தப்பட்ட தொகுதியின் வாக்காளர் பட்டியலில் உள்ள நூறு பேர் சேர்ந்து எழுத்துமூலம் ஆட்சேபித்தால், ஆணையம் உள்ளூர் விசாரணை நடத்தியே ஆக வேண்டும். மாநில அரசுக்கும் ஊராட்சி மன்றத்துக்கும் இருக்கும் அதே உரிமை இந்த நூறு பேருக்கும் உண்டு.

ஆட்சேபித்து என்ன பயன், சிலாங்கூர் அரசே நீதிமன்றம் போயும் 2018 எல்லைகளைத் தடுக்க முடியவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான், விசாரணை வெற்றிக்கு உத்தரவாதம் இல்லை. பிரதமர் ஆணையத்தின் பரிந்துரையை மாற்றியும் மக்களவையில் வைக்கலாம். மொத்த உறுப்பினர்களில் பாதிப்பேர் ஆதரித்தால் அது நிறைவேறிவிடும். ஆனால் வாய் திறக்காத வட்டாரத்துக்கு அந்த விசாரணைகூடக் கிடையாது. இனத்தை முன்வைத்து வாதாடுவது பிளவை வளர்க்கும் என்பது இன்னொரு தயக்கம். இனத்தைத் தொடவே வேண்டாம்: உள்ளூர்ப் பிணைப்புகளைக் காக்க வேண்டும் என்று அதே 13ஆம் அட்டவணை சொல்கிறது. ஒரே தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பி, ஒரே கோயில் திருவிழாவில் கூடி, ஒரே சந்தைக்குப் போகும் தாமான்களை இரண்டாகப் பிரிக்கும் கோட்டை எதிர்க்க இந்த வாசகமே போதும். அதற்கு வரைபடமும் தெருப் பெயர்களும் தேவை. ஒரு மாதத்தில் அவற்றைத் திரட்டுவது கடினம். ஆலய நிர்வாகங்களும் குடியிருப்பாளர் சங்கங்களும் இப்போதே தொடங்க வேண்டும்.

அதற்கும் முந்திய வேலை ஒன்று உண்டு. தானியங்கிப் பதிவு அடையாள அட்டை முகவரியைப் பார்த்துத்தான் நடக்கிறது. தோட்டத்தைவிட்டு வந்து ஆண்டுகள் ஆகியும் அட்டையில் பழைய முகவரியே இருந்தால், குடியிருப்பது கிள்ளானாக இருந்தாலும் ஓட்டு வேறிடத்தில் இருக்கும். ஆட்சேபத்தில் உங்கள் கையெழுத்தும் செல்லாது. பதிவு இலாகாவில் முகவரியை மாற்றுங்கள். பிறகு வாக்காளர் பட்டியலிலும் அது மாறியதா என்று தேர்தல் ஆணையத்தின் இணையச் சேவையில் பாருங்கள்.