எதிர்ப்பாற்றலின் மூன்று முகங்கள்

ஆனி பிறந்து தென்மேற்குக் காற்று திரிகூட மலையைத் தழுவியதும் குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிடுகிறது. பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீராடி மகிழ்வோர் ஒருபுறம்; சளியும் காய்ச்சலுமாகத் தென்காசி மருத்துவமனைகளின் வாயிலில் காத்திருப்போர் மறுபுறம். "சாரலில் நனைந்ததால் வந்த சளி" என்பது நம் வழக்கு. ஆயின் நோயைத் தருவது சாரலன்று. மூச்சின் வழியே புகும் வைரஸ்களே. அவற்றை நம் உடல் எவ்வாறு எதிர்கொள்கிறது? இவ்வினாவுக்கு விடைதேடிய அறிஞருள் ஒருவர் இலங்கையைச் சேர்ந்த மாலிக் பீரிஸ்.

பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தி நூல் யாத்த அபூபக்ர் அர்ராஸியின் வரலாற்றை நாம் பெருமையுடன் கற்பிக்கிறோம். நோயைக் கூர்ந்து நோக்கும் அம்மரபு இன்றும் தொடர்வதற்கு இவரது வாழ்வே சான்று.

1949இல் கண்டியில் பிறந்த பீரிஸ், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, ஆக்ஸ்போர்டில் 1981இல் முனைவர் பட்டம் பெற்றார். அங்கு அவர் ஆராய்ந்தது வியப்பூட்டும் ஓர் உண்மை. கிருமியை அடக்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள், அளவிற் குறைந்தால், சிலவகைக் கிருமிகள் வெள்ளணுக்களுக்குள் எளிதில் நுழைய அதுவே வழியமைத்துவிடுகிறது. காவலனே கள்வனுக்குக் கதவு திறப்பது போன்றது இது. இஃது எதிர்ப்பாற்றலின் முதல் முகம்.

தாயகம் திரும்பிப் பேராதனையில் வைரஸ் ஆய்வுக்கூடத்தை வளர்த்த பின், இங்கிலாந்தில் பணியாற்றி, 1995இல் ஹாங்காங் பல்கலைக்கழகம் சேர்ந்தார். 1997இல் அந்நகரில் பறவைக் காய்ச்சல் பதினெண்மரைப் பற்றி அறுவரைப் பலிகொண்டது. அவ்வைரஸ் தொற்றிய வெள்ளணுக்கள், அழற்சியூட்டும் பொருள்களை அளவுக்கு மீறிச் சுரப்பதை அவர் குழு 2002இல் வெளியிட்டது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சன்றோ! இஃது இரண்டாம் முகம்.

2003இல் சார்ஸ் நோய் உலகை உலுக்கியது. பீரிசின் குழு, நோயாளியின் நுரையீரற் பகுதியிலிருந்து கிருமியைக் குரங்கின் சிறுநீரக அணுக்களில் வளர்த்தது. அதுவே நோய்க்குக் காரணம் என எவ்வாறு உறுதிசெய்வது? நோயுற்றுத் தேறியோரின் குருதிநீர் அவ்வணுக்களுடன் வினைபுரிந்தது; நோயுறாதவரின் குருதிநீர் வினைபுரியவில்லை. முன்னர் அறியப்படாத கொரோனா வைரஸ் ஒன்று இவ்வாறு வெளிப்பட்டது. எதிர்ப்பொருள் இங்குச் சாட்சியாக நின்றது. இதுவே மூன்றாம் முகம். 2012இல் அரபுநாட்டில் மெர்ஸ் நோய் அறியப்பட்டபோதும் இம்முறை உதவியது. எகிப்திய ஒட்டகங்கள் பெரும்பாலானவற்றின் குருதியில் அதற்கான எதிர்ப்பொருள் இருப்பதை அவர் குழு 2013இல் கண்டது.

இவற்றால் நாம் பெறும் பாடம் யாது? எதிர்ப்பாற்றல் மிகுந்தாலும் தீங்கு, குறைந்தாலும் தீங்கு, நடுநிலையே நலம். தடுப்பூசி, நோயின் துன்பமின்றி உடலுக்கு அப்பயிற்சியை அளிக்கிறது. சளிக்காய்ச்சல் வைரஸ் தன் புறத்தோற்றத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால் அதற்கான ஊசி ஆண்டுதோறும் தேவைப்படுகிறது. ஹஜ்ஜுக்குச் செல்லும் முதியோர், மருத்துவரைக் கேட்டு அதனைப் போட்டுக்கொள்ளத் தயங்கலாகாது. தவக்குல் என்பது ஒட்டகத்தைக் கட்டிவைத்த பின் வைக்கும் நம்பிக்கையன்றோ!

மாணவச் செல்வங்களே! 2006இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்வுபெற்ற அவ்வறிஞர் மருத்துவம் கற்றது மலைசூழ்ந்த பேராதனையில். நீங்கள் கற்பதும் மலையடிவாரத்தில்தான். ஊர் சிறிதென எண்ணி உள்ளத்தைச் சுருக்காதீர். நம் சாரல் மண்ணிலிருந்தும் இத்தகைய ஆய்வாளர் எழ வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!