பிள்ளை மருத்துவமனைக்கு வர மறுத்தால் வீட்டிற்கே உதவி வரும்

உங்கள் மகனுக்கு நாற்பது வயதைத் தாண்டிவிட்டது. மனச்சிதைவு நோய்க்காகப் பல ஆண்டுகளாக மருந்து சாப்பிட்டு வந்தார். இப்போது "எனக்கு ஒன்றுமில்லை" என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். மருத்துவரைப் பார்க்கக் குறித்திருந்த நாளும் போய்விட்டது. இரவில் தூங்குவதில்லை. சன்னல்களைச் சாத்தியே வைக்கிறார். நீங்கள் போட்ட சோற்றைக்கூடச் சந்தேகத்தோடு பார்க்கிறார். அவரை டாக்சியில் ஏற்றிக் கூட்டிப்போக உங்கள் உடம்பில் தெம்பில்லை.

இந்த நிலையில் பெற்றோர் பலர் யாரிடமும் சொல்லாமல் காத்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்துவிடுமே என்ற கூச்சம் ஒரு காரணம். 'உட்பிரிட்ஜ்' என்ற பெயரைக் கேட்டாலே வரும் பயம் இன்னொன்று. இயோ சூ காங் சாலையில் 1928ல் திறக்கப்பட்ட அந்தப் பழைய மருத்துவமனை, 1993ல் புவாங்கோக்கிற்கு இடம் மாறி மனநலக் கழகம் ஆனது. அக்காலத்தில் உள்ளே போனவர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள். இன்று பெரும்பாலோர் வீட்டில் இருந்தபடியே சிகிச்சை பெறுகிறார்கள்.

வீட்டிற்கு வந்து பார்க்கும் சமூக மனநலக் குழுக்கள் இதற்காகவே உள்ளன. பெரும்பாலும் தாதியர்தான் வருவார்கள். தேவைப்பட்டால் மருத்துவரோ மருத்துவச் சமூக ஊழியரோ வருவார். முதல் முறை வந்ததும் ஊசி போட்டுவிட மாட்டார்கள். உட்கார்ந்து பேசுவார்கள். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, மருந்து ஏன் பிடிக்கவில்லை என்று கேட்பார்கள். மருந்தால் உடல் எடை கூடியது, கை நடுங்கியது, பகலெல்லாம் தூக்கம் வந்தது என்று அவர் சொல்லக்கூடும். அது வீண் சாக்கு அல்ல. மருத்துவரால் மருந்தையோ அளவையோ மாற்ற முடியும். தினமும் மாத்திரை விழுங்குவது சிரமம் என்றால், சிலருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி பொருந்தும்.

அவர் கதவைத் திறக்க மறுத்தால் என்ன செய்வது? குழு இன்னொரு நாள் வரும். நம்பிக்கை ஏற்படச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: மாத்திரையைப் பொடித்துக் குழம்பில் கலந்து கொடுக்காதீர்கள். நல்லெண்ணத்தில்தான் செய்வீர்கள். ஆனால் உணவில் ஏதோ கலந்திருக்கிறது என்று ஏற்கெனவே அஞ்சுபவர் அதைக் கண்டுபிடித்துவிட்டால், பிறகு உங்கள் கையால் எதையும் சாப்பிட மாட்டார்.

கோயிலில் வேண்டிக்கொள்வதையோ திருநீறு பூசுவதையோ யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. மருந்தும் கூடவே தொடரட்டும்.

"எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?" இந்தக் கேள்வியையும் குழுவிடம் வாய்விட்டுக் கேளுங்கள். நீங்கள் நலமாக இருக்கும்போதே அண்ணன், அக்கா, தங்கை யாராவது ஒருவர் குழுவை நேரில் சந்தித்து, மருந்தின் விவரத்தையும் அடுத்த சந்திப்பு நாளையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. செலவு பற்றி மருத்துவச் சமூக ஊழியரிடம் கேட்கலாம். மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு போன்ற நோய்களின் வெளிநோயாளிச் சிகிச்சைக்கு மெடிசேவ் பயன்படுத்த வழியுண்டு.

வீட்டு வருகை வேண்டும் என்றால், அவருக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடமோ மருந்தகத்திலோ முதலில் சொல்லுங்கள். நிலைமை திடீரென மோசமானால், மனநலக் கழகத்தின் 24 மணி நேரத் தொலைபேசி எண் 6389 2222. தம்மையோ பிறரையோ காயப்படுத்திவிடுவார் என்ற நிலை வந்தால் காத்திருக்காமல் 995 அல்லது 999ஐ அழையுங்கள்.

அழைக்கும்போது மருந்து உறைகளையும் சந்திப்பு அட்டையையும் கையில் வைத்திருங்கள். எந்த நாளிலிருந்து மருந்து சாப்பிடவில்லை என்பதைத்தான் முதலில் கேட்பார்கள். ஆங்கிலம் சிரமமாக இருந்தால், தமிழ் பேசுபவர் வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேளுங்கள்.